அரை மில்லிமீட்டர்

நூருல்லா மேஸ்திரிக்குக் கண் மங்கிப்போன விஷயம் செஞ்சியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி அவர் பெண்டாட்டி ஷரீஃபுன்னிசா. ராஜகிரி மலைக்கோட்டை உச்சியில் நிற்கிற மண்டபத்துத் தூண்களைக் கீழே ரோட்டில் நின்றபடி எண்ணிச் சொல்லிவிடுவார். கையில் வைத்திருக்கிற போல்ட்டின் மரைதான் அவருக்குக் கலங்கித் தெரியும். நாற்பத்தாறு வயதில் இது யாருக்கும் வருவதுதான், ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று ஷரீஃபுன்னிசா நூறு தடவை சொல்லியிருப்பாள். "கண்ணாடி போட்ட மேஸ்திரிகிட்ட எவன் வேலை குடுப்பான்?" என்று நூறு தடவையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். எல்லாச் சீக்குக்கும் வைத்தியர் இருந்தார் செஞ்சியில், பிடிவாதத்துக்குத்தான் இல்லை.

திருவண்ணாமலை ரோட்டில், தகரக் கூரை போட்ட பட்டறை. பட்டறைக்குப் பின்சுவர்தான் வீட்டுக்கு முன்சுவர். செஞ்சி வெயில் ஒரு நாளில் இரண்டு தடவை அடிக்கும். பகலில் வானத்திலிருந்து, பொழுது சாய்ந்த பிறகு பாறையிலிருந்து. அந்த வெக்கையில் ஏர்முனை, வண்டி அச்சு, கவலை இறைக்கச் சால் என்று வருகிற வேலையையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் செய்தார்கள். கம்பத்தில் பூட்டிய பெரிய டிரில்லில் அவர் அழுத்துவார், அவள் சக்கரத்தைச் சுற்றுவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் இருபது வருஷம் அந்தச் சக்கரம் சுற்றியிருக்கிறது.

கண் மங்கியதிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள். டிரில்லில் மாட்டுகிற பிட்டின் மேல் பொறித்திருக்கிற நம்பரை அவள்தான் படித்து எடுத்துக் கொடுப்பாள். யாராவது வாடிக்கைக்காரர் நிற்கிறபோது அவர் அதிகாரமாகக் கையை நீட்டுவார், "அந்த மூணு நூல் பிட்ட எடு" என்பார், ஏதோ எஜமான் உதவியாளைக் கேட்கிற மாதிரி. அவள் எடுத்துக் கொடுப்பாள். அந்த நாடகம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மல்லாட்டை வந்து புகுந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை.

மேல்சித்தாமூர் தரணேந்திர நைனார் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊருக்கு மல்லாட்டை விதை கொடுக்கிறவர். ஆடி விதைப்புக்கு முன்னால் ஒரு மாதம் பெண்களை உட்கார வைத்துக் கையால் உரித்தாக வேண்டும். அதற்கு ஒரு மிஷின் செய்ய முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டார். சரியாக அமைந்தால் தன் உறவுக்காரர் களங்களுக்கு மேல்கொண்டு நான்கு வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

மிஷின் ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. வாகை மரச் சட்டத்தில் தொட்டில் மாதிரி வளைத்து மாட்டிய இரும்புத் தகடு; தகடு முழுக்க ஓட்டை. மேலே ஒரு கைப்பிடி, அதன் அடியில் பல் வைத்த இரும்புக் கட்டை. காயைக் கொட்டிக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் கட்டை காயைத் தகட்டோடு வைத்துத் தேய்க்கும். ஓடு உடைந்து பயிறு ஓட்டை வழியாகக் கீழே விழும். பயிறு என்றால் எங்கள் பக்கத்தில் மல்லாட்டைப் பருப்பு. ஓட்டை சிறுத்தால் பயிறு இறங்காமல் மேலேயே நின்று நசுங்கும். பெருத்தால் காய் உடையாமலே விழும்.

மேஸ்திரி முதலில் மூன்று நூல் ஓட்டை போட்டார். இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். செஞ்சிப் பட்டறைகளில் உலகமே நூலில்தான் அளக்கப்பட்டது. மூன்று நூலில் பயிறு கால்வாசி உடைந்தது. தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்து நான்கு நூலாகப் பெருக்கினார். பாதிக் காய் அப்படியே கீழே விழுந்தது.

நைனார் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் மேஸ்திரி இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

"எண்ணெய் ஆட்டறதுக்குன்னா மொத தகடே போதும் பாய்" என்றார் நைனார். "வெதைக்கு ஆவாதே. உடைஞ்சது மொளைக்காது. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல தாங்காது, பொம்பளைங்கள வெச்சே உரிச்சிக்கிறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

அந்த வாரத்தில்தான் நெய்வேலியிலிருந்து கடிதம் வந்தது. மேஸ்திரியின் தம்பி ரசூல் அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர். ஒன்றாம் தேதி ஆள் எடுக்கிறார்கள், அண்ணன் வந்தால் சேர்த்துவிடலாம், குவார்ட்டர்ஸ் கிடைக்க நான்கைந்து வருஷம் ஆகும், அதுவரை அண்ணி செஞ்சியிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தான். கடிதத்தைப் படித்துச் சொன்னவளும் ஷரீஃபுன்னிசாதான். அடுப்பில் போட்டுவிட்டு நலம் விசாரித்து எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

மேஸ்திரி கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை மிஷின் தேறிச்சின்னா நாலு மிஷினு வேலை இருக்குது. இல்லன்னா போயிடறேன். ரெண்டு தடவ தோத்த மேஸ்திரின்னு ஊர்ல பேரு வாங்கிட்டு இங்க ஒக்காந்து ஏர்முனை அடிக்க என்னால ஆவாது."

அவர் சொன்னால் செய்கிறவர். பூட்டிய பட்டறைக்குப் பின்னால் தனியாக நான்கைந்து வருஷம் என்று நினைத்ததும் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"மூணுலயும் நிக்கல, நாலுலயும் நிக்கல" என்றார் அவர், தகட்டைத் தடவிக்கொண்டே. "நடுவுல இன்னா இருக்குது? ஒண்ணுமில்ல."

நடுவில் ஏதோ இருக்கிறது என்று சொன்னவர் வாகை மரம் அறுத்துக் கொடுத்த பச்சமுத்து. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் நாளிலிருந்தே மில்லிமீட்டர்தான், அங்கே அரை அரை மில்லிமீட்டராக ஏறுகிற பிட்டு பெட்டியோடு கிடைக்கும் என்றார். எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற காலமாகவும் அது இருந்தது. கஜம் மீட்டராகி, சேர் கிலோவாகி, அணாவெல்லாம் நயா பைசாவாகி முடிந்த கையோடு கடையில் போல்ட்டும் மில்லிமீட்டரில் வர ஆரம்பித்திருந்தது. பத்து மில்லிமீட்டர் போல்ட் மூன்று நூல் ஓட்டையில் நுழையாது, நான்கு நூல் ஓட்டையில் ஆடும். சட்டத்து மரத்துக்கும் புதுப் பிட்டு வேண்டும், தகட்டு இரும்புக்கும் வேண்டும்.

கூரை மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தோடு திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் திண்டிவனம் பஸ் ஏறினார்கள். நம்பர் படிக்க அவள் வேண்டும். அதை வெளியே சொல்ல முடியாது. "புதுச்சேரி பாத்ததில்லன்னு பொம்பள ஒரே நச்சரிப்பு" என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்தார். ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். மடியில் ஒரு துணிமுடிச்சு இருந்தது. அதில் நைனார் களத்து மல்லாட்டை, உரித்த பயிறு ஒரு பிடி, உரிக்காத காய் ஒரு பிடி.

புதுச்சேரிக் கடைத்தெருவில் இளையபெருமாள் என்பவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மெலிந்த மனிதர், அவசரமே இல்லாதவர். வியாபாரத்தை விட விளக்கம் சொல்வதில் அவருக்குப் பிரியம் அதிகம்.

"வாங்க பாய். இன்னா பிட்டு பாக்கறீங்க?"

"மூணு, ஆறு, ஒம்பது, பன்னெண்டு. நாலு குடுங்க போதும்" என்றார் மேஸ்திரி, பஸ்ஸில் வரும்போதே பழைய நூல் பழக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்.

இளையபெருமாள் சிரித்துவிட்டார். "ஒரு நூலுக்கு மூணு மில்லின்னு போட்டீங்களா? செஞ்சி, திண்டிவனம் பக்கத்துலேருந்து வர்ற மேஸ்திரிங்க எல்லாரும் இப்பிடித்தான் கேக்கறாங்க. போல்ட்டு எட்டுல வருது, பத்துல வருது. ஒம்பது வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுவீங்க?"

மேஸ்திரியின் முகம் சுண்டியது. ஷரீஃபுன்னிசா முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "ஒம்பதுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுலதாங்க நம்ம வேலையே இருக்குது."

"கேட்டுக்குங்க" என்றார் இளையபெருமாள்.

மூன்று பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னியது. இரண்டாவதில் இருந்தவை நுனியில் முள் வைத்தவை. மூன்றாவது கறுப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை.

"இந்தப் பளபளப்பு இருக்குதே, இது கார்பன் எஃகு. மரத்துல நல்லா ஓடும். இரும்புல நாலு ஓட்டை போட்டா சூடாயி நீலம் பாஞ்சிடும், அப்புறம் வெண்ணெயிலகூட எறங்காது. முள்ளு வெச்சது மரத்துக்குன்னே செஞ்சது. முள்ளு மொதல்ல உக்காந்துக்கும், பிட்டு வழுக்காது, ஓட்டை சுத்தமா வரும். ஆனா இரும்பத் தொட்டா முள்ளு ஒடஞ்சிடும். கறுப்பு ஐ ஸ்பீடு, சூடு தாங்கற எஃகு. இரும்புக்குன்னு வாங்குனாலும் மரத்தையும் ஓட்டிடும்; மரத்தூள் அடைச்சிக்கும், அப்பப்ப வெளிய எடுத்துத் தட்டணும், அவ்ளோதான். ஒண்ணுலேருந்து பதிமூணு வரைக்கும் அரை அரையா இருபத்தஞ்சு."

"ரெண்டுக்கும் தனித்தனியா வாங்குனா நல்லதுதான?"

"நல்லதுதான் பாய். ரெண்டு வெல குடுக்கணும்."

கறுப்புப் பெட்டியின் விலையைக் கேட்டதும் மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை தானாகப் பளபளப்புப் பக்கம் போனது. ஒரு பிட்டை எடுத்து விரல்நகத்தில் தட்டிப் பார்த்தார், மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தார். வெட்டுமுனையைப் பெருவிரலால் தடவினார். அப்புறம் கறுப்பை எடுத்துத் தடவினார். அந்த விரலை ஏமாற்ற முடியாது. பளபளப்பைத் திருப்பி வைத்துவிட்டார்.

"இதுல பத்து எது?"

கேள்வி கடைக்காரரைப் பார்த்து. பதில் வர வேண்டியது அவளிடமிருந்து. ஷரீஃபுன்னிசா பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். உள்ளே ஒரு இரும்புப் பலகை, அதில் வரிசையாக ஓட்டை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர். பிட்டு அதனதன் ஓட்டையில் நின்றது. அவள் பத்தாம் நம்பர் பிட்டை உருவி அவரிடம் கொடுத்தாள். பலகையில் காலி ஓட்டை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று தோன்றியது. துணிமுடிச்சை அவிழ்த்தாள்.

ஒரு பயிறை எடுத்து அந்த ஓட்டையில் விட்டாள். பாதியில் நின்றது. இன்னொன்று நின்றது. மூன்றாவது விழுந்தது.

"இன்னாமே பண்ற?" என்றார் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு. இரும்புக் கடையில் பெண்டாட்டி மல்லாட்டை விளையாடுகிறாள் என்று அவருக்கு வெட்கம்.

"விடுங்க பாய், பாப்பம்" என்றார் இளையபெருமாள். அவர் இருபது வருஷமாகப் பிட்டு விற்கிறார், இப்படி ஒரு சோதனையைப் பார்த்ததில்லை. தானே பத்தரையையும் பதினொன்றையும் உருவிவிட்டார்.

பத்தரையில் பத்துப் பயிறு போட்டாள். ஏழு விழுந்தது. மூன்று மட்டும் விளிம்பில் சிக்கி, தட்டினால் இறங்கியது. பதினொன்றில் பத்தும் விழுந்தது. பிறகு காயைப் போட்டாள். இரட்டைப் பயிறுக் காய் எதிலும் போகவில்லை. ஒற்றைப் பயிறுள்ள குட்டிக் காய் பத்தரையில் நின்றது, பதினொன்றில் விழுந்தது.

"பத்தரைதான்" என்றார் மேஸ்திரி உடனே. "ஒரு காயிகூட விழல பாரு."

"மூணு பயிறு நிக்குதே."

"தேய்ச்சா எறங்கும்."

"தேய்ச்சா உடையும்."

அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் இதே பேச்சுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மண்டியில் மல்லாட்டை உரித்தவள். விதைக்கு உரிக்கும்போது மூக்கு நுனி, முளை விடுகிற இடம், போனால்கூட அந்தப் பயிறைத் தள்ளிவிடுவார்கள். உரிபடாத காயை யாரும் குற்றம் சொன்னதில்லை, மறுபடி எடுத்து உரித்துக்கொள்வார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்கு அது ஏறவில்லை. மிஷின் என்றால் போட்டது சுத்தமாக வர வேண்டும். "காயி விழுந்துச்சின்னா அதுக்குப் பேரு மிஷின் இல்ல, சல்லடை. மூணாவது தடவையும் காயி விழுறத அந்த ஆளு முன்னாடி நின்னு பாக்கச் சொல்றியா?" என்றார். திண்டிவனத்துக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் புதுத் தகட்டில் குறி போட்டார்கள். முந்நூறு ஓட்டைக்கு முந்நூறு புள்ளி. அவருக்குப் புள்ளி வைக்கக் கண் வேண்டியதில்லை. பழைய தகட்டை மேலே போட்டு ஓட்டை ஓட்டையாகப் பஞ்ச் உளியை நிறுத்தித் தட்டினார். பிட்டுக்குச் சூடு ஏறாமலிருக்கச் சோப்புத் தண்ணீர் டப்பாவைத் தொங்கவிட்டார். தகட்டை டிரில்லுக்கு அடியில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"பத்தரைய எடு."

பெட்டி அவள் மடியில் இருந்தது. பத்தரை கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் கை அதைத் தாண்டிப் போய்ப் பதினொன்றை எடுத்தது.

வேண்டுமென்றேதான் செய்தாள். பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் அதைக் கைதவறுதல் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. பயிறு உடைந்தால் நைனார் வேண்டாம் என்பார், இவர் நெய்வேலிக்குப் போவார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பிட்டு அவர் கைக்குப் போனது. வாங்கினார், தடவினார், மாட்டினார். நூல் அவர் விரலுக்குள் ஊறியது. மில்லிமீட்டர் அந்த விரலுக்குப் புதுசு.

"சுத்து."

அவள் சுற்றினாள். பிட்டு இரும்பில் இறங்கியதும் சுருள் சுருளாகச் சீவல் வந்தது. பழைய பிட்டு என்றால் பொடியாக உதிரும். இது முழம் நீளத்துக்குச் சுருண்டு வந்தது. மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, ஐ ஸ்பீடுன்னா இதான்" என்றார். ஒவ்வொரு ஓட்டை முடிந்ததும் விரலை விட்டுப் பிசிறு பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தாள். அவர் அடுத்த புள்ளிக்குத் தகட்டை நகர்த்தினார். மத்தியானம் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முந்நூறாவது ஓட்டை புதன்கிழமை சாயந்திரம் முடிந்தது. பதினொன்றாம் நம்பரை யார் கண்ணிலும் படாமல் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். வியாழக்கிழமை தகட்டை வளைத்து, புதுச் சட்டத்தில் பத்தாம் நம்பரால் ஓட்டை போட்டுப் போல்ட்டை இறுக்கினார்கள். மரத்தில் பிட்டு அடைத்துக்கொண்டது. கடைக்காரர் சொன்ன மாதிரி இரண்டு விரற்கடைக்கு ஒரு தரம் வெளியே எடுத்துத் தட்டினார்கள். போல்ட் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் மாட்டுவண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூருக்குப் புறப்பட்டார்கள். அவளும் வருவதாகச் சொன்னபோது மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது தடவை, துணைக்கு ஒருத்தர் இருந்தால் தேவலை என்று அவருக்கும் இருந்திருக்கும்.

நைனார் களத்தில் காய் மலை மாதிரி குவிந்திருந்தது. அம்மாக்கண்ணு காத்திருந்தாள், களத்தில் உரிக்கிற பெண்களுக்கெல்லாம் மூத்தவள், முந்தைய இரண்டு தடவையும் கைப்பிடி ஆட்டியவள் அவள்தான்.

"வா பாயம்மா. இந்தத் தடவையாச்சும் பயிறு வருமா, பொடி வருமா?" என்றாள். குரலில் கேலி இருந்தாலும் கெட்ட மனசு இல்லை.

"ஆட்டிப் பாருக்கா" என்றாள் ஷரீஃபுன்னிசா.

ஒரு மரக்கால் காயைக் கொட்டினார்கள். அம்மாக்கண்ணு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். கரகரவென்று ஓடு உடைகிற சத்தம் களம் முழுக்கக் கேட்டது. கீழே விரித்திருந்த சாக்கில் பயிறும் ஓடும் கொட்டின. கூடவே குட்டிக் காய்களும் விழுந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடிக்கு விழுந்தன.

அந்த வயதில் அவருக்குத் தூரப் பார்வைக்குக் குறைச்சல் இல்லை. நாலடி தள்ளி நின்ற மேஸ்திரிக்கு ஒவ்வொரு காயும் நன்றாகவே தெரிந்தது. அவர் முகம் இருண்டு போனதை அவள் பார்த்தாள்.

நைனார் முறத்தில் அள்ளித் தூற்றச் சொன்னார். ஓடு பறந்தது. மிச்சத்தை அம்மாக்கண்ணு மூன்று குவியலாகப் பிரித்தாள். முழுப் பயிறு பெரிய குவியல். உடைந்தது ஒரு கைக்குள் அடங்கியது. காய் இரண்டு கை.

"பயிறு அருமையா இருக்குது" என்றார் நைனார். பிறகு காய்க் குவியலைக் காட்டினார். "இது இன்னா பாய், காயும் விழுது?"

 மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிற்பதை ஷரீஃபுன்னிசாவால் பார்க்க முடியவில்லை.

"வெதைக்குத்தானுங்களே" என்றாள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு. "காயா விழுந்தத மறுபடி கையால உரிச்சிக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போவாது. பயிறு உடைஞ்சா உடைஞ்சதுதான். ஓட்டைய அரை மில்லி சின்னதா போட்டா காயி நின்னுடும், ஆனா பத்துல மூணு பயிறு நசுங்கும். அதனாலதான் பெருசா வெச்சிருக்குது."

 நைனார் ஒரு பயிறை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், மூக்கு நுனியை நகத்தால் தொட்டார்.

"நாயம்தான்" என்றார். "அம்மாக்கண்ணு, அந்தக் காய உரிக்க எத்தினி பேரு வேணும்?"

"மூணு பேரு போதுங்க. முன்ன இருபது பேரு ஒக்காந்தோம்" என்றாள் அம்மாக்கண்ணு. அவள் ஷரீஃபுன்னிசாவைப் பார்த்த பார்வையில் பாதி நன்றி, பாதி வருத்தம். மிச்சப் பதினேழு பேருக்கு இனிக் கூலி இல்லை.

"நாலு மிஷினும் செஞ்சிடுங்க பாய். இதே தகடு, இதே ஓட்டை" என்றார் நைனார். விளக்கு வைத்த பிறகு ஜைனர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் பொழுது இருக்கும்போதே இலை போட்டுவிட்டார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத பருப்பும், அவரைக்காய்ப் பொரியலும், மோரும். மேஸ்திரி மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

'பெருசா வெச்சிருக்குது' என்று அவள் களத்தில் சொன்னதையே யோசிக்கிறவர் மாதிரி, வண்டியில் செஞ்சி வரைக்கும் அவர் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான்கு மிஷின் கிடைத்தவர் முகம் அது இல்லை.  

சனிக்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போனார். அவள் டீயோடு போனபோது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்திலிருந்து எண்ணி ஒரு பிட்டை உருவியிருந்தார். அதன் முனையைப் பெருவிரலால் தடவினார். கடையில் பூசிய எண்ணெய்கூடப் போகாமல் வழவழவென்று இருந்தது. அடுத்ததை உருவித் தடவினார். அது முந்நூறு ஓட்டை போட்ட முனை, மழுங்கியிருந்தது.

"பத்தரை இரும்பையே தொடல" என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

"வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமில்ல?"

"பஸ்ஸு பூரா சொன்னேனே. நீங்க கேக்கல."

"கேக்கலன்னா விட்டுடணும். தோத்தா நான் தோத்துட்டுப் போறேன். கண்ணு தெரியாதவன், இவனுக்கு இன்னா தெரியப் போவுதுன்னுதான குடுத்த?"

இதற்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது உண்மை. நெய்வேலிக்கு நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன் என்பதும் உண்மைதான். ஆனால் அதை இப்போது சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. 

"ஊருக்குத் தெரியாம இருக்கணும்னு ஒங்கிட்ட மட்டுந்தான் காட்டிக்கிட்டேன்" என்றார். "நீயே அதுல கைய வெச்சிட்ட. நான் நெய்வேலிக்கே போறேன். அங்க நம்பர் படிச்சி சொல்ல சம்பளத்துக்கு ஆளு இருக்கும். அவனுங்க ஏமாத்துனா வலிக்காது."

மிஷின் தோற்றால் போவேன் என்றவர், மிஷின் ஜெயித்த பிறகு போகிறேன் என்கிறார். அவள் வீட்டுக்குள் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். என்ன சமைத்தாள், என்ன வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பட்டறையில் சத்தமே இல்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

வெயில் ஏறிய பிறகு கூப்பிட்டார்.

"இங்க வா."

போனாள். பெட்டி காலியாக இருந்தது. இருபத்தைந்து பிட்டையும் சாக்கின் மேல் கொட்டி வைத்திருந்தார். பெட்டியில் வரிசையாக நின்றவைதான். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தால் அவருக்கு யார் உதவியும் வேண்டாம், காலையில் அப்படித்தானே எடுத்தார். இப்போது எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தார். அவள் பார்க்கும்போதே இன்னொரு தடவை கையால் அளைந்து கலைத்தார். மடியில் முக்கோண அரம் இருந்தது.

"சின்னதெல்லாம் தொட்டாலே தெரியுது. எட்டுலேருந்து மேல அடையாளம் போடணும். அஞ்சுக்கு ஒரு நீளக் கோடு, ஒண்ணுக்கு ஒரு குட்டிக் கோடு, அரைக்கு ஒரு புள்ளி. எடுத்துக் குடுக்கறேன், நம்பரப் படி."

அவள் எதிரே உட்கார்ந்தாள். முதல் பிட்டை நீட்டினார். அதை வெளிச்சத்தில் திருப்பி, முந்தானையால் துடைத்துப் படித்தாள்.

"ஒம்பதரை."

அவர் வாங்கி அடித்தண்டில் ஒரு நீளக் கோடு, நான்கு குட்டிக் கோடு, ஒரு புள்ளி போட்டார். சரிதானா என்று கேட்கவில்லை. பெட்டியில் பொருத்திப் பார்க்கவும் இல்லை.

"பன்னெண்டு."

"ம்."

"எட்டு."

"ம்."

அரம் கீச்சிட்டது. போகிற ஆள் விட்டுவிட்டுப் போகிற சாமானுக்கு அடையாளம் போடுவானா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.  ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படித்தாள். பத்தரை வந்தபோது மூன்றாவது தடவையும் பார்த்துக்கொண்டாள்.

"பத்தரை" என்றாள்.

அவர் இரண்டு நீளக் கோடும் ஒரு புள்ளியும் போட்டுப் பக்கத்தில் வைத்தார்.

எட்டுக்கு மேற்பட்டதில் கடைசியாக ஒன்று மீந்தது. முனை மழுங்கிய பிட்டு. அதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீட்டினார்.

"இது?"

"பதினொண்ணு."

அவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டினார். அரத்தை எடுக்கவில்லை.

"இதுக்கு அடையாளம் வேணாம்" என்றார். "நாலு மிஷினுக்கும் இத நீ எடுத்துக் குடு."

பிட்டை அவள் கையில் வைத்துவிட்டு, சாணைக்கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போனார்.